கணக்கு யார் எடுக்கிறார்கள்?

2014 மே மாதம் எனக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோது மங்கள்யான் செவ்வாய்க்குப் பாதி வழியைத் தாண்டியிருந்தது. அதனால் எங்கள் உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் விண்வெளியைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கப் போகிறேன், அதற்கு மேல் வானியற்பியல் என்று சொன்னதும் பெரியப்பா கேட்டார்: “ராக்கெட் விடணும்னா இன்ஜினியரிங் படிம்மா. மயில்சாமி அண்ணாதுரை பிசிக்ஸா படிச்சாரு?”

பதில் சொல்ல முடியாத கேள்வி. மங்கள்யானுக்குப் பொறுப்பேற்றிருந்த அண்ணாதுரை கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தவர்தான். செவ்வாய்க்கு வண்டி அனுப்புவது ஒரு வேலை, ஒரு விண்மீன் கோடிக்கணக்கான வருஷம் எப்படி எரிகிறது என்று கேட்பது வேறு வேலை என்று பெரியப்பாவுக்கு விளக்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. என் இன்ஜினியரிங் கட்-ஆஃப் 190-ஐத் தாண்டியிருந்தது வேறு நிலைமையை மோசமாக்கியது. வாணியம்பாடியில் அந்தக் கட்-ஆஃப் வைத்திருக்கும் பெண், கவுன்சலிங்குக்குப் போய் ஈ.சி.ஈ. எடுக்காமல் இருந்தால் வீட்டில் ஏதோ பணக்கஷ்டம் என்றுதான் ஊர் நினைக்கும். அப்பா ஒரு டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கஷ்டமும் கொஞ்சம் இருந்தது.

என் ஆசைக்கு வேர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், ஜவ்வாது மலைப் பக்கம் திரும்பினால் காவலூர். வானாய்வகம் இருந்த கொடைக்கானலில் வானம் வருஷத்தில் பல மாதம் மேகத்தில் மூடிக்கிடந்ததால், இரவில் விண்மீன் பார்ப்பதற்கென்று வானியலாளர் வைணு பாப்பு 1960களில் தேடிப் பிடித்த இடம் அது. 1972இல் அங்கே ஒரு மீட்டர் விட்டமுள்ள ஜெர்மன் தொலைநோக்கி வந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று 1977இல் உலகம் கண்டுகொண்டபோது அதைப் பதிவுசெய்த கருவிகளில் அதுவும் ஒன்று. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியை நம் ஆட்களே கட்டினார்கள். கண்ணாடியைத் தேய்த்து உருக்கொடுத்தது பெங்களூரில். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார். பாப்பு அதைப் பார்க்கவில்லை, 1982இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயர்தான் அதற்கு.

சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்கு ஒரு சின்னத் தொலைநோக்கியில் வானத்தைக் காட்டுவார்கள். பள்ளியில் படிக்கும்போது அப்பா அழைத்துப் போனார். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சனிக்கோளைப் பார்த்தேன். பாடப்புத்தகப் படத்தில் இருக்கும் அதே வளையம், அதைவிட மிகச் சின்னதாக, மிகத் தெளிவாக, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றிருந்தவர் “பாத்தாச்சா, நகரும்மா” என்றார். நகர்ந்தேன். பிறகு வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றுகொண்டேன்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் மறுபடி காவலூருக்குப் போனோம். இம்முறை நோக்கம் விசாரிப்பது. அன்று பணியில் இருந்தவர் பொறுமையான மனிதர். வரிசை கலைந்த பிறகு அப்பா தயங்கித் தயங்கி, “சார், அஸ்ட்ரோபிசிக்ஸ் எந்த காலேஜ்ல இருக்குது?” என்று கேட்டார்.

“அந்தப் பேரை போர்டுல தேடாதீங்க சார். டிகிரிக்கு பிசிக்ஸ் போதும். அஸ்ட்ரோபிசிக்ஸ் எம்.எஸ்ஸி.யில வரட்டும், அதுக்கப்புறம்கூட வரட்டும். நீங்க போற காலேஜ்ல ரெண்டே விஷயம் கேளுங்க. பிசிக்ஸ் பசங்களுக்குக் கணக்கு யார் எடுக்கறாங்க? லேப்ல ஒரு அப்பரேட்டஸுக்கு எத்தனை பேர்?”

அப்பா அதை டேனரி டைரியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் தீர்ப்பு.

ஏன் கணக்கு என்று அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. இப்போது சொல்ல முடியும். விண்மீனை யாரும் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவர முடியாது. அங்கிருந்து நமக்கு வருவது பெரும்பாலும் ஒளி மட்டுமே. அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, உள்ளே என்ன அழுத்தம், என்ன வெப்பம், எந்தத் தனிமம் என்று சமன்பாடுகள் வழியாகத்தான் இறங்கிப் போக வேண்டும். ஒரு விண்மீன் தன் எடையால் நசுங்காமல் நிற்பதற்கான கணக்கை எழுதினாலே அது வகைக்கெழுச் சமன்பாட்டில் போய் நிற்கும். ஈர்ப்பு, வெப்ப இயக்கவியல், அணுக்கரு இயற்பியல், ஒளியியல் எல்லாம் அந்த ஒரு விண்மீனுக்குள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. இவற்றைத் தனித்தனியாகப் படிக்காமல் வானியற்பியலுக்கு நேரே தாவுவதற்கு வழி கிடையாது.

நான் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி, பல இடங்கள் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் கே.வி.பி.ஒய். என்ற தேர்வு அப்போது இருந்தது. பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யில் 2011இல் தொடங்கிய நான்கு வருஷ இளங்கலைக்கு அதுவும் ஒரு வாசல். அப்படி ஒன்று இருப்பதே, அதற்கு விண்ணப்பிக்கும் தேதி போய்ப் பல மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. திருவனந்தபுரத்தில் இஸ்ரோ ஆதரவில் நடக்கும் ஐ.ஐ.எஸ்.டி.யைப் பற்றிப் பெரியப்பாவே எங்கிருந்தோ கேட்டு வந்தார். அங்கே போக ஜே.இ.இ. வேண்டும், ஜே.இ.இ.க்கு இரண்டு வருஷக் கோச்சிங் வேண்டும், அதற்கு அப்பாவின் சம்பளம் வேறாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களில் மட்டும் மாநில வாரியத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கென்று தனி வழி ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கும் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. எழுதினேன். தேறவில்லை.

சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகத்தின் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. அங்கே கணிதமும் இயற்பியலும் சேர்ந்து ஒரு பட்டம் உண்டு. இயற்பியல் படிக்க வருகிறவர்களுக்கும் நுழைவுத் தேர்வு கணிதத்தில்தான் என்று தெரிந்ததும் காவலூர்க்காரர் சொன்னது ஞாபகம் வந்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கணக்கில் நான் இருநூற்றுக்கு மிகக் கிட்ட வாங்கியவள். கேள்வித்தாளைப் பிரித்தேன். எல்லாம் தெரிந்த சொற்கள். முக்கோணம், பகா எண், பல்லுறுப்புக் கோவை. ஆனால் ஒரு கேள்வியும் நான் பார்த்த கேள்வி இல்லை. பிளஸ் டூவில் எங்களுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் புளூ பிரிண்ட் இருந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை பத்து மார்க் வரும் என்று பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே தெரியும். புக் பேக் கேள்விகளும் பெற்றோர் ஆசிரியர் கழகப் புத்தகமும் முடித்துவிட்டால், பரீட்சை ஹாலில் யோசிக்க வேண்டிய அவசியமே வராது. யோசித்தால் நேரம் போய்விடும் என்று டீச்சர் எச்சரிப்பார்கள். இங்கே ஒவ்வொரு கேள்வியும் யோசி என்றது, ஏன் என்று எழுது என்றது. மூன்று மணி நேரம் யோசித்தேன். சில கேள்விகளில் பாதி தூரம் போனேன். இடம் கிடைக்கவில்லை. ஆனால் வெளியே வரும்போது தலை சூடாக, ஒருவிதமான பசியோடு இருந்தது. வருகிற பேருந்திலேயே ஒரு கேள்வியின் மீதிப் பாதி பிடிபட்டுவிட்டது. கணக்கு என்றால் இதுதானா என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டேன். இருநூற்றுக்குக் கிட்ட வாங்கிக்கொடுத்த எந்தப் பரீட்சையும் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததில்லை.

மிச்சமிருந்தது வேலூர், சென்னைக் கலைக்கல்லூரிகள். அம்மாவுக்கு வேலூர். வாரா வாரம் வீட்டுக்கு வரலாம். எனக்குச் சென்னை. ஜூன் மாதம் அப்பா லீவு போட்ட நாட்களில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் ஒவ்வொரு கல்லூரியாக ஏறி இறங்கினோம்.

தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியின் மரங்களைப் பார்த்துவிட்டு அப்பா, “படிக்கிறதா, இங்கயே உக்காந்துக்கிறதா?” என்றார். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பெண்கள் கிறித்தவக் கல்லூரிக்குப் போன அன்று, அருகில் வானிலை ஆய்வு மையத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. அந்த வளாகம்தான் பழைய மெட்ராஸ் வானாய்வகம் இருந்த இடம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டியது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். கொடைக்கானல், காவலூர் எல்லாம் அந்தத் தூணிலிருந்து கிளைத்த மரபு. இதெல்லாம் தெரியாமலே நாங்கள் அதன் வாசலில் நின்று இளநீர் குடித்தோம்.

விண்ணப்பத்தோடு தரும் கையேடுகளில் எல்லாக் கல்லூரியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டால்தான் விஷயம் வெளியே வரும். நம் பி.எஸ்ஸி. பிசிக்ஸில் முதல் இரண்டு வருஷம் பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம். முதல் வருஷம் துணைப்பாடமாகக் கணிதம், இரண்டாம் வருஷம் வேதியியல், அல்லது மாற்றி. இவை போக மிஞ்சும் நேரம்தான் இயற்பியலுக்கு. குவாண்டம் இயக்கவியல் மூன்றாம் வருஷத்தில் எட்டிப் பார்க்கும். வானியற்பியல் இருந்தால் கடைசி செமஸ்டரில் ஒரு விருப்பப் பாடம், அதுவும் போதுமான பேர் கேட்டால். ஐசரிலும் அப்போது முதல் இரண்டு வருஷம் உயிரியல் உட்பட எல்லாமும் படித்தாக வேண்டியிருந்தது, ஆனால் அங்கே கணிதம் தொடர்ந்து வரும். இங்கே கணிதம் ஒரு வருஷத்தோடு கைவிட்டுவிடும். துணைப்பாடம்தானே என்று புதிதாக வேலைக்கு வந்தவரை அந்த வகுப்புக்கு அனுப்பும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. காவலூர்க்காரரின் முதல் கேள்விக்கு அர்த்தம் அதுதான். அப்பா அதை ஒவ்வொரு துறை வாசலிலும் மாறாமல் கேட்டார். “சார், பிசிக்ஸ் பசங்களுக்குக் கணக்கு யார் எடுக்கறாங்க?” ஓரிடத்தில், “அதெல்லாம் அட்மிஷனுக்கு அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்கள். அப்பா டைரியில் அந்தக் கல்லூரியை அடித்துவிட்டார்.

இன்னோர் இடத்தில் வானியல் மன்றம் இருந்தது. பெருமையாக ஒரு தொலைநோக்கியையும் காட்டினார்கள். மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் நிகழ்ச்சி, இரவு எட்டு மணிக்கு மேல். பெண்கள் விடுதி எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டேன். ஆறரைக்கு. அப்படியானால் மன்றத்தில் பெண்கள்? “டே ஸ்காலர் யாராவது இருந்தா வருவாங்க.” அவர் அதைச் சங்கடப்படாமல் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வானியல் படிக்க வரும் பெண்கள் கையேட்டில் எதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் விடுதி விதிகளைப் படித்துவிட வேண்டும்.

கட்டணம் பற்றி. ஒரே கல்லூரி, ஒரே பெயர்ப்பலகை, ஒரே பட்டம். காலை ஷிப்ட் அரசு உதவி பெறும் பிரிவு, கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். மாலை ஷிப்ட் சுயநிதி, அதைப்போலப் பல மடங்கு. உதவி பெறும் பிரிவில் ஆசிரியர்கள் நிரந்தரமாக இருப்பார்கள் என்பதால் அது பணம் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. வாரியத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று தெரிந்ததும், அதுவரை பேசாமல் இருந்த அம்மா, “இன்ஜினியரிங்க்கு இது குடுக்கறாங்களா?” என்று பெரியப்பாவைக் கேட்டாள். பொறியியலுக்கு அது கிடையாது. எனக்குக் கிடைக்குமா என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் பேச்சின் திசை அன்றைக்கு மாறியது.

கடைசியில் முடிவு செய்தது ஒரு லேப் அட்டெண்டர். கல்லூரியின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன். சென்னையில் உதவி பெறும் பழைய கல்லூரி. நாங்கள் போனபோது துறைத் தலைவர் வெளியே போயிருந்தார். காத்திருந்த நேரத்தில் லேப் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தோம். கேரி ஃபாஸ்டர் பிரிட்ஜ், டிராவலிங் மைக்ராஸ்கோப், இருட்டறையில் ஸ்பெக்ட்ரோமீட்டர்கள். வேறு கல்லூரிகளில் இவற்றைத் துணி போட்டு மூடி, பூட்டிய அலமாரிக்குள் பார்த்திருக்கிறோம். இங்கே மேசையில் எண்ணெய்க் கறையும் கீறலும் இருந்தன. யாரோ தினமும் தொடுகிறார்கள். அட்டெண்டர் எங்களை விரட்டவில்லை. “பிசிக்ஸா? வாம்மா” என்று சோடியம் விளக்கைப் போட்டார். சூடேறி மஞ்சளாக வருவதற்குச் சில நிமிஷம் ஆகும். பிறகு கிரேட்டிங்கை வைத்து, தொலைநோக்கிக் குழாயை மெதுவாகத் திருப்பி, “இப்ப பாரு” என்றார்.

ஒரு மஞ்சள் கோடு. “இன்னும் கொஞ்சம் தள்ளு, ரெண்டாவது ஆர்டருக்குப் போ” என்றார். தள்ளினேன். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது.

5890 ஆங்ஸ்ட்ராம், 5896 ஆங்ஸ்ட்ராம். எண்ணாக அது பிளஸ் டூ புத்தகத்தில் உண்டு. இதே இரண்டு கோடுகள் சூரிய ஒளியின் நிறமாலையில் கறுப்பாக இருக்கின்றன, சூரியனில் சோடியம் இருப்பது அப்படித்தான் தெரிந்தது என்று அந்த அட்டெண்டர்தான் எனக்குச் சொன்னார். பத்தாவது வரை படித்தவர். முப்பது வருஷமாக வகுப்புகளை ஓரமாக நின்று கேட்டவர். அப்பா தன் இரண்டாவது கேள்வியைக் கேட்டார், ஒரு அப்பரேட்டஸுக்கு எத்தனை பேர் என்று. “ரெண்டு பேர். பத்து வந்தாலும் ரீடிங் தனித்தனியாத்தான் எடுக்கணும், சார் விடமாட்டாரு.” முதல் கேள்விக்கான பதிலைத் துறைத் தலைவர் வந்து சொன்னார். கணிதத் துறையின் மூத்த பேராசிரியரே எடுக்கிறார், விருப்பமிருந்தால் இரண்டாம் வருஷத்திலும் கணித மாணவர்களோடு போய் உட்காரலாம், வருகைப்பதிவு கிடைக்காது, அவ்வளவுதான்.

அது புது ஏற்பாடு ஒன்றும் இல்லை. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1920களில் மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் செய்ததும் அதுதான். அவருக்கு விருப்பம் கணிதம், அப்பாவுக்கு விருப்பம் இயற்பியல். இயற்பியல் ஆனர்ஸில் பெயரைக் கொடுத்துவிட்டுக் கணித வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். 1930இல் பட்டம் வாங்கி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது வயது 19. வெள்ளைக் குள்ள விண்மீன்களின் எடை எல்லை பற்றிய, பின்னாளில் நோபல் பரிசு வரை கொண்டுபோன கணக்கின் தொடக்கம் அந்தக் கப்பலில். அவருடைய பட்டத்தில் வானியற்பியல் என்ற சொல் கிடையாது.

கவுன்சலிங் கடிதம் வந்த வாரம் நான் அந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். பெரியப்பா சில மாதம் சரியாகப் பேசவில்லை. செப்டம்பர் 24ஆம் தேதி மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய அன்று அவரே போன் செய்தார்.

மூன்று வருஷத்தில் கிடைத்ததையும் கிடைக்காததையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கை வேலை நன்றாக வந்தது. கணக்கு வந்தது. வருகைப்பதிவு இல்லாத வகுப்புக்குப் போகிறவள் என்று பெயரும் வந்தது. கம்ப்யூட்டரில் நிரல் எழுத அங்கே யாரும் உருப்படியாகச் சொல்லித்தரவில்லை. இன்றைய வானியலில் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கிறவர் யாரும் இல்லை, எல்லாம் தரவுதான். இரண்டாம் வருஷ முடிவில் இந்திய அறிவியல் அகாடமியின் கோடைகால ஆய்வு உதவித்தொகை கிடைத்துப் பெங்களூர் போனபோதுதான் இது உறைத்தது. ஐசரிலிருந்து வந்த பிள்ளைகள் பைத்தானில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கிராஃப் ஷீட் கேட்டேன். அந்த இடைவெளியை அடைக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கணக்கில் எனக்கு அவர்களிடம் கடன் இருக்கவில்லை. பிறகு ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்ஸி. போனேன். ஜாமில் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது நானும் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். மே மாதம் வந்தால் பெற்றோர் பிள்ளைகளோடு வந்து நிற்கிறார்கள். ஹாஸ்டல், ஏ.சி. கிளாஸ், பிளேஸ்மென்ட் எல்லாம் விசாரிக்கிறார்கள். கணக்கு யார் எடுக்கிறார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் எங்கள் துறையில் சிலர் நெளிவார்கள். நெளியட்டும்.

இந்த வருஷம் வானியற்பியல் என்று சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், நான் படித்த காலத்து வாசல்கள் மாறிவிட்டன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கே.வி.பி.ஒய். 2022இல் நின்றுபோனது. ஐசருக்கு இப்போது ஐ.ஏ.டி. என்ற ஒரே தேர்வுதான், மாநில வாரியத்துக்கென்று தனி வழி கிடையாது. அந்த மதிப்பெண்ணைப் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யும் எடுத்துக்கொள்கிறது. புவனேஸ்வரத்து நைசருக்கும் மும்பைப் பல்கலைக்கழக-அணுசக்தித் துறை அடிப்படை அறிவியல் மையத்துக்கும் நெஸ்ட் தேர்வு. சிறுசேரிக்குத் தனித் தேர்வு. இவை எதற்கும் ஜே.இ.இ. தேவையில்லை. பழைய கேள்வித்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பிளஸ் ஒன்னிலேயே ஒன்றை எடுத்து உட்காரச் சொல்லுங்கள். கலைக்கல்லூரிக்குப் போவதானால் வேலை நாளில் போய் லேபைப் பாருங்கள், மூன்றாம் வருஷப் பிள்ளை ஒன்றைத் தனியாகப் பிடித்துப் பேசுங்கள். நுழைவுத் தேர்வுகளுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் பிளஸ் டூ பரீட்சை நடக்கும் மாதங்களிலேயே திறந்து மூடிவிடுகின்றன. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.